சாட் போகுது, ஃபைல் மட்டும் போக மாட்டேங்குது (ஓப்பன்ஃபயர் + பிட்ஜின், மதுரை – சிவகாசி)

பிளேட்ரூம் சிவகாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிவகாசியில ஒரு காலண்டர் அச்சகத்துல பிரீபிரஸ் பார்க்கிறேன். டிசைன் ஃபைலை வாங்கி, ஃபாண்ட், கலர், ஓரம் எல்லாம் சரிபார்த்து, ஆர்ஐபிக்கு (படத்தை அச்சுப் புள்ளியா மாத்துற மெஷின்) விட்டு, சிடிபியில (அச்சுத் தகடு எடுக்குற மெஷின்) பிளேட் எடுத்துக் கொடுக்குற வரைக்கும் என் பொறுப்பு. நெட்வொர்க் நான் படிச்ச படிப்பு இல்ல. பார்க்க வேற ஆள் இல்லாததால ஏழு வருஷமா அதையும் நானே பார்க்கிறேன்.

டிசைனர்கள் நாலு பேர் மதுரையில இருக்காங்க. அவங்களும் நாங்களும் பேசிக்க இங்க அச்சகத்துலயே ஒரு பழைய டெஸ்க்டாப்புல உபுண்டு போட்டு, ஓப்பன்ஃபயர்னு ஒரு சாட் சர்வர் ஓடுது. எல்லா மெஷின்லயும் அதுல பேச பிட்ஜின்னு ஒரு சாட் சாஃப்ட்வேர். ஏன் வாட்ஸ்அப் இல்லன்னு கேட்பீங்க. எங்க ஊர்ல ஆடிப்பெருக்கு அன்னிக்குத்தான் அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்க. அதுவரைக்கும் ஒரு சாமி படம்கூட வெளிய கசியக் கூடாது. போன்ல டிசைன் இருந்தாலே யாரோ யாருக்கோ காட்டிருவாங்கன்னு முதலாளிக்குப் பயம். அந்தப் பயத்துல நியாயம் இருக்கு, நானே ஒரு தடவை பட்டிருக்கேன்.

இப்ப பிரச்சினை. போன மாசம் மதுரை ஆபீஸை வேற கட்டிடத்துக்கு மாத்தினோம். புது ஃபைபர் லைன். அன்னில இருந்து:

சாட் எந்தக் குறையும் இல்லாம போகுது, வருது.

மதுரையில இருந்து சின்ன ஜேபெக், அதாவது 200, 300 கேபி, போகுது. ஆனா அதுக்கே இழுக்குது.

பெரிய ஃபைல் அனுப்பினா இங்க 'ஏற்கவா'ன்னு கேட்குது, சரின்னு அழுத்தினா ரொம்ப நேரம் அப்படியே நிக்குது, அப்புறம் தோல்வின்னு வருது. சில நேரம் ஆரம்பிக்குது, ஆனா வினாடிக்கு 60, 70 கேபிதான். 20 இன்ச்சுக்கு 30 இன்ச் ஷீட், 300 டிபிஐ, நாலு கலர் சிஎம்ஒய்கே டிஃப் படம்னா ஒண்ணே 216 எம்பி வரும். கணக்குப் பண்ணிப் பாருங்க.

சிவகாசிக்குள்ளேயே ஒரு மெஷின்ல இருந்து இன்னொண்ணுக்கு அனுப்பினா கண் மூடித் திறக்குறதுக்குள்ள போயிடுது.

நான் செஞ்சு பார்த்தது: ரெண்டு பக்கமும் விண்டோஸ் ஃபயர்வாலை அணைச்சேன், ஆன்ட்டிவைரஸை நிறுத்தினேன், டிஃப்பை ஜிப் பண்ணினேன், பேரை மாத்தி அனுப்பினேன், பிட்ஜினை எடுத்துட்டு மறுபடி போட்டேன். ஒண்ணும் நடக்கல. இப்ப தினமும் சாயங்காலம் ஒரு பையன் மதுரையில இருந்து பென்டிரைவோட பஸ் ஏறி வர்றான். ஆடி பதினெட்டுக்கு இன்னும் மூணு வாரம்கூட இல்ல. தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

---

விருதைவாசி எழுதியது:

ப்ரோ, இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம். டிரைவ்ல ஏத்தி லிங்க் கொடுங்க. இல்லன்னா டெலிகிராம், 2 ஜிபி வரைக்கும் ஒரே ஃபைலா போகும். வாட்ஸ்அப்லயும் போட்டோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்பினா குவாலிட்டி குறையாது, 2 ஜிபி தாங்கும்.

---

பிளேட்ரூம் சிவகாசி எழுதியது:

நன்றி தம்பி. நான் ப்ரோ இல்ல, அக்கா. நீங்க சொன்னது எல்லாமே சரியாத்தான் இருக்கும். ஆனா டிசைன் எங்க சுவரைத் தாண்டிப் போகக் கூடாதுங்கிறதுதான் இங்க முதல் விதி. அதை மாத்துற அதிகாரம் எனக்கு இல்ல, மாத்தணும்னு தோணவும் இல்ல. ஒரு வருஷ உழைப்பு அந்த ஆல்பம். போன மாசம் வரைக்கும் இதே பிட்ஜின்ல போய்க்கிட்டு இருந்ததுதானே, அது ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சா போதும்.

---

கோவை சர்வர்க்காரன் எழுதியது:

வணக்கம் சகோ. முதல்ல ஒரு வேலை பண்ணுங்க: அணைச்ச ஃபயர்வாலையும் ஆன்ட்டிவைரஸையும் திரும்பப் போட்டுடுங்க. நீங்க சொல்ற அறிகுறியில அதுக குத்தவாளி இல்லைங்க. ஃபயர்வால் தடுத்திருந்தா சிவகாசிக்குள்ளேயும் போயிருக்காது. ஜிப் பண்றதும் பேர் மாத்துறதும் இங்க உதவாது. ஃபைலோட வகையைப் பார்த்து யாரும் தடுக்கல. வழிதான் அடைபட்டிருக்கு.

சாட் போற வழியும் ஃபைல் போற வழியும் ஒண்ணு இல்லைங்க. இதை மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா மீதி எல்லாம் தானா விளங்கும்.

சாட், மதுரையில இருந்து உங்க சர்வரோட 5222 போர்ட்டுக்கு, அதாவது அந்த நம்பர் போட்ட கதவுக்கு, வருது. அது ஏற்கனவே உங்க ரவுட்டர்ல திறந்திருக்கணும், இல்லன்னா சாட்டே வராது. ஃபைல் அப்படி சர்வர் வழியா வர்றது இல்ல. அனுப்புற மெஷின், "நான் இந்த இந்த முகவரியில காத்திருக்கேன், வந்து எடுத்துக்கோ"ன்னு ஒரு பட்டியலைச் சாட் வழியா அனுப்பும். வாங்குற மெஷின் அந்த முகவரிகளை ஒவ்வொண்ணா தட்டிப் பார்க்கும். எது திறக்குதோ அது வழியா எடுத்துக்கும். எதுவுமே திறக்கலன்னா, கடைசியா ஃபைலைத் துண்டு துண்டா நறுக்கி, எழுத்தா மாத்தி, சாட் செய்தி மாதிரியே சர்வர் வழியா அனுப்பப் பார்க்கும்.

உங்க 60, 70 கேபி இந்தக் கடைசி வழிங்க. வழக்கமா ஒரு துண்டு 4096 பைட். ஒரு துண்டு போய், 'கிடைச்சுது'ன்னு பதில் வந்த பிறகுதான் அடுத்த துண்டு கிளம்பும். போய் வர 60 மில்லிசெகண்ட் ஆகுதுன்னு வைங்க. 216 எம்பிக்கு 52,700 துண்டுக்கு மேல. பெருக்கிப் பாருங்க, ஒரு ஷீட்டுக்கு ஏறக்குறைய 53 நிமிஷம். லைன் எவ்வளவு வேகமா இருந்தாலும் இந்த வேகம் ஏறாது. சின்ன ஜேபெக் போயிடுதுன்னா காரணம் இதுதான்.

அப்ப கேள்வி, நேர் வழி ஏன் அடைபட்டுச்சு? லைன் மாத்தினப்பவே எனக்குச் சந்தேகம். மதுரை ரவுட்டர் பக்கத்துக்குள்ள போய், வான் ஐபின்னு (லைன் கம்பெனி ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி) என்ன போட்டிருக்குன்னு பாருங்க. அப்புறம் அதே மெஷின்ல பிரவுசர்ல 'என் ஐபி என்ன'ன்னு தேடிப் பாருங்க. ரெண்டும் வேற வேறயா இருந்து, ரவுட்டர்ல இருக்குறது 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா, உங்க புது லைனுக்குச் சொந்த முகவரி கிடையாது. ஐபிவி4 முகவரி பத்தாததால கம்பெனிக்காரங்க பல வீட்டுக்கும் ஒரே வெளி முகவரியைப் பங்கு போட்டுக் கொடுக்குறாங்க. அந்த 100.64 வரிசையை இதுக்குன்னே 2012ல ஒதுக்கினாங்க. ஒரு லாட்ஜுக்கு ஒரே போன் நம்பர், அறைக்கு எக்ஸ்டென்ஷன் இல்லாத மாதிரி. உள்ளே இருந்து வெளிய கூப்பிடலாம், வெளிய இருந்து குறிப்பிட்ட அறையைக் கூப்பிட முடியாது. பழைய லைன்ல யாரோ போர்ட் திறந்து வச்சிருப்பாங்க. புது லைன்ல ரவுட்டர்ல எத்தனை போர்ட் திறந்தாலும் பிரயோஜனம் இல்ல.

இது எனக்குப் பழைய பாடம்ங்க. 2004ல நான் காந்திபுரத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல வேலை பார்த்தேன். பையனுக மெசஞ்சர்ல வெளிநாட்டு அண்ணன், அக்காவுக்குப் போட்டோ அனுப்புவாங்க. அந்த வருஷம் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்து ஃபயர்வால் தானாவே போட்டுக்கிச்சு. ஒரே நாள்ல பத்துப் பேர் வந்து "சாட் வருது, போட்டோ போகல"ன்னு நின்னாங்க. எம்எஸ்என்னுக்கு 6891ல இருந்து 6900 வரைக்கும் திறந்து விடணும்னு கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. அந்த மெசஞ்சர் போயிடுச்சு, கேள்வி மட்டும் அப்படியே இருக்கு.

இப்ப நீங்க செய்ய வேண்டியது: ரெண்டு பக்கமும் பிட்ஜின்ல ஹெல்ப் மெனுவுக்குள்ள டீபக் விண்டோ இருக்கும், திறந்து வைங்க. ஒரு பெரிய ஃபைலை அனுப்பச் சொல்லுங்க. 'ஸ்ட்ரீம்ஹோஸ்ட்'னு வர்ற வரிகளை மட்டும் எடுத்து இங்க போடுங்க, அதுதான் நான் சொன்ன முகவரிப் பட்டியல். உங்க வெளி ஐபியை மறைச்சிட்டுப் போடுங்க.

---

பிளேட்ரூம் சிவகாசி எழுதியது:

அண்ணே, நீங்க சொன்னபடியே இருக்கு. மதுரை ரவுட்டர்ல 100.72ன்னு ஆரம்பிக்குது, பிரவுசர்ல வேற நம்பர். பழைய கட்டிடத்துல முன்னாடி இருந்த பையன் ரவுட்டர்ல ஏதோ திறந்து வச்சிருந்தான்னு இப்பத்தான் டிசைனர் ஒருத்தர் ஞாபகம் வந்து சொல்றார்.

டீபக் விண்டோல ஓடுறதைப் பார்த்துக் கண்ணு வலிச்சிடுச்சு. ஆனா நீங்க கேட்ட வரி கிடைச்சது. மதுரை அனுப்புற பட்டியல்ல மூணு முகவரி:

முதல்ல 192.168.1.12, அது மதுரை டிசைனர் மெஷின்.
ரெண்டாவது அவங்களோட வெளி ஐபி.
மூணாவது 192.168.1.5, போர்ட் 7777. இது எங்க ஓப்பன்ஃபயர் சர்வரேதான்!

இங்க ஒண்ணு கவனிச்சேன். 192.168.1.12 எங்க சிவகாசியிலயும் இருக்கு, அது ஆர்ஐபி மெஷின். அப்ப என் பிட்ஜின் மதுரை டிசைனரைத் தேடிப் போய், பக்கத்து ரூம்ல இருக்கிற எங்க ஆர்ஐபி கதவையா தட்டிக்கிட்டு இருந்துச்சு?

இன்னொண்ணு புரியவே இல்ல. என் பக்கம் மூணாவது முகவரிக்கு, 7777க்கு, இணைப்பு கிடைச்சதுன்னு காட்டுது. மதுரைப் பக்கம் அதே 192.168.1.5க்கு இணைப்பு கிடைக்கலன்னு காட்டுது. ஒரே முகவரி, ஒருத்தருக்குக் கிடைக்குது, இன்னொருத்தருக்குக் கிடைக்கல.

---

கோவை சர்வர்க்காரன் எழுதியது:

சகோ, நோயை நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க. ஆர்ஐபி கதவு விஷயம் நூத்துக்கு நூறு சரி. 192.168ல ஆரம்பிக்கிற நம்பர் எல்லாம் வீட்டுக்குள்ள கூப்பிடுற செல்லப் பேர் மாதிரி. ஊருக்கு ஊர் ஒரு 'குட்டி' இருக்குற மாதிரி, உங்க ரெண்டு ஆபீஸ்லயும் ஒரு .12 இருக்கு.

மூணாவது முகவரி உங்களுக்குக் கிடைச்ச வரம். ஓப்பன்ஃபயருக்குள்ள ஃபைல் டிரான்ஸ்ஃபர் பிராக்ஸின்னு ஒரு இடைத்தரகர் ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கு. வேலை 7777ல. ரெண்டு மெஷினும் நேரா சேர முடியலன்னா ரெண்டும் தரகர்கிட்ட வந்து கை கோக்கலாம். ரெண்டு பேருமே வெளிய 'போய்'ப் பிடிக்கிறதால மதுரைக்குச் சொந்த முகவரி இல்லாதது ஒரு குறையே இல்ல. சிவகாசியில உங்களுக்கு ஸ்டாடிக் ஐபி, அதாவது மாறாத வெளி முகவரி, இருக்குல்ல, அது போதும்.

ஆனா தரகர் தன்னோட விலாசமா உள்ளூர் செல்லப் பேரைச் சொல்றார். நீங்க அதே வீட்டுல இருக்கீங்க, போய்ச் சேர்ந்துட்டீங்க. மதுரைக்காரர் அதே நம்பரைத் தன் ஆபீஸுக்குள்ள தேடுறார், அங்க அப்படி யாரும் இல்ல. அதனாலதான் உங்க பக்கம் வெற்றி, அவங்க பக்கம் தோல்வி.

செய்ய வேண்டியது ரெண்டு. ஒண்ணு, சிவகாசி ரவுட்டர்ல வெளி 7777ஐ 192.168.1.5 மெஷினோட 7777க்குத் திருப்புங்க. ரெண்டு, ஓப்பன்ஃபயர் அட்மின் பக்கத்துல சிஸ்டம் பிராபர்ட்டீஸ்ல 'எக்ஸ்எம்பிபி.பிராக்ஸி.எக்ஸ்டர்னல்ஐபி'ங்கிற பேர்ல ஒண்ணு சேர்த்து (ஆங்கில எழுத்துல, சின்ன எழுத்தாவே) மதிப்பா வெளி விலாசத்தைக் கொடுங்க.

இங்கதான் பல பேர் வழுக்கி விழுவாங்க. அங்க ஸ்டாடிக் ஐபி நம்பரை அப்படியே போட்டுடாதீங்க. போட்டா மதுரை பிடிச்சிடும், ஆனா சிவகாசிக்குள்ள இருக்குற நீங்க உங்க சொந்த வெளி முகவரிக்கு உள்ளே இருந்தே போகணும். நிறைய ரவுட்டர் அதுக்கு விடாது. வாசல் வழியா வெளிய போய் அதே வாசல் வழியா திரும்ப உள்ளே வர்ற வேலை அதுக்குத் தெரியாது. பிரச்சினை இடம் மாறி உங்க பக்கம் வந்து உட்கார்ந்துக்கும். நான் இதுல ஒரு முழு ராத்திரி தொலைச்சிருக்கேன்.

நம்பருக்குப் பதிலா ஒரு பேர் கொடுங்க. உங்க கம்பெனி டொமைன்ல 'ஃபைல்'னு ஒரு துணைப்பேர் உருவாக்குங்க. மதுரை மெஷின்கள் அதைக் கேட்டா ஸ்டாடிக் ஐபி கிடைக்கணும். சிவகாசி மெஷின்கள் கேட்டா 192.168.1.5 கிடைக்கணும். சிவகாசியில நாலைஞ்சு மெஷின்தான்னா ஒவ்வொண்ணுலயும் ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல (எந்தப் பேருக்கு எந்த நம்பர்னு மெஷின் பார்க்குற பட்டியல்) ஒரு வரி சேர்த்தா முடிஞ்சுது. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சிஸ்டம்32, அதுக்குள்ள டிரைவர்ஸ், அதுக்குள்ள ஈடிசி. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து எழுதுங்க, இல்லன்னா சேவ் ஆகாது.

பிட்ஜின் அக்கவுன்ட் அட்வான்ஸ்டு பக்கத்துல 'ஃபைல் டிரான்ஸ்ஃபர் பிராக்ஸிஸ்'னு ஒரு கட்டம் இருக்கும். அதுல ஏதாவது வெளி சர்வர் பேர் இருந்தா அழிச்சிடுங்க. உங்க சாமி படம் யாரோ ஒருத்தர் சர்வர் வழியா சுத்திப் போக வேண்டாம்.

---

பிளேட்ரூம் சிவகாசி எழுதியது:

அண்ணே!! போயிடுச்சு.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் எழுந்து போனப்ப செஞ்சேன். பிராபர்ட்டி சேர்த்து, சர்வரை ஒரு தடவை மறுபடி ஓட விட்டேன். அப்பவும் முதல் தடவை போகல. பார்த்தா ஹோஸ்ட்ஸ் ஃபைலை நோட்பேட் 'ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி'ன்னு சேவ் பண்ணி வச்சிருக்கு. அந்தப் பின்னொட்டை எடுத்தேன். மதுரைக்கு, "முருகன் ஷீட் அனுப்புங்க"ன்னு சொன்னேன். 216 எம்பி. பச்சைக் கோடு நகருறதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். ஒன்றரை நிமிஷம். திறந்து பார்த்தேன், வேல் முனையில இருக்கிற அந்தத் தங்கக் கலர் கோடுகூடச் சிதையல. பிளேட்டுக்கு விட்டாச்சு.

ஃபயர்வாலையும் திரும்பப் போட்டுட்டேன். பென்டிரைவ் பையனுக்கு இனிமே பஸ் இல்லன்னு சொன்னதும் சிரிச்சான். ரொம்ப நன்றி அண்ணே.

---

பூட்டும் சாவியும் எழுதியது:

இந்த இழையை முதலில் இருந்து படித்தேன். கோவை நண்பர் சொன்ன வழி தெளிவானது. ஆனால் இந்த அம்மாவின் முதல் கவலை வேகம் இல்லை, கசிவு. அதனால் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் போக என்னால் முடியவில்லை. ஒரு வங்கியின் தகவல் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்த மாதிரி திறந்த கதவுகளைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேன்.

ஒன்று. உங்கள் சாட் டிஎல்எஸ் என்ற மறையாக்கப் பூட்டு போட்டுப் போகிறது. ஆனால் 7777 வழியாகப் போகும் ஃபைலுக்கு அந்தப் பூட்டு கிடையாது. சாட்டில் பூட்டு இருப்பதால் ஃபைலும் பூட்டித்தான் போகிறது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். மதுரைக்கும் சிவகாசிக்கும் நடுவில் அந்த முருகன் திறந்த தபாலாகத்தான் வந்தார். நடுவில் உள்ள கருவியில் கை வைக்க முடிந்தவர் பார்க்கலாம்.

இரண்டாவது இதைவிட அவசரம். ஓப்பன்ஃபயரின் அட்மின் பக்கம் 9090, 9091 போர்ட்களில் ஓடும். உங்கள் ரவுட்டரில் 5222, 7777 தவிர வேறு என்னென்ன வெளியே திறந்திருக்கிறது என்று இன்றே பாருங்கள். சர்வரை நிறுவிக் கொடுப்பவர்கள் தங்கள் வசதிக்காக 9090ஐத் திறந்து வைத்துவிட்டுப் போவது சாதாரணமாக நடக்கிறது. 2023ல் ஓப்பன்ஃபயரில் ஒரு ஓட்டை வெளிவந்தது, எண் சிவிஇ-2023-32315. கடவுச்சொல் இல்லாமலே அட்மின் பக்கங்களுக்குள் நுழைந்து, தனக்கென ஒரு அட்மின் கணக்கை உருவாக்கி, தீய பிளகினை (கூடுதல் நிரல்) ஏற்றிவிட முடிந்தது. அதை வைத்துப் பல சர்வர்கள் உண்மையிலேயே தாக்கப்பட்டன. 2015ல் வந்த 3.10.0 முதல் பாதிப்பு; 4.6.8, 4.7.5 பதிப்புகளில் சரிசெய்தார்கள். உங்கள் பதிப்பு அதற்கு முந்தையதாக இருந்தால் முதலில் 9090, 9091 இரண்டையும் வெளியே மூடுங்கள், பிறகு புதுப்பியுங்கள். அட்மின் கணக்குப் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பெயர் இருக்கிறதா, பிளகின் பட்டியலில் நீங்கள் போடாதது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஃபைலுக்குப் பூட்டு வேண்டுமானால் வயர்கார்டு போடுங்கள்; இரண்டு ஊருக்கும் நடுவே பூட்டிய சுரங்கம் போல ஒரு வழி போடும் மென்பொருள் அது. உபுண்டுவில் எளிது, லினக்ஸ் கெர்னலிலேயே 2020ல் சேர்ந்துவிட்டது. சர்வரில் ஒரு முனை, மதுரையில் நான்கு விண்டோஸ் மெஷின்களிலும் ஒவ்வொரு முனை. வெளியே திறக்க வேண்டியது யுடிபி 51820 ஒன்றுதான். மதுரை உள்ளிருந்து வெளியே பேசுவதால் பங்குபோட்ட முகவரி தடையாக இருக்காது. பெர்சிஸ்டென்ட் கீப்அலைவை 25 என்று வைத்துவிட்டால் இணைப்பு தூங்கிப் போகாது. சுரங்கத்துக்குள் சர்வருக்கு 10.77.0.1 என்று ஒரு முகவரி கொடுங்கள். 192.168.1 வரிசையைத் தொடாதீர்கள், மறுபடியும் ஆர்ஐபி கதவைத் தட்டும் கதைதான். பிறகு மதுரை மெஷின்களின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் அந்த 'ஃபைல்' பெயருக்கு எதிரே 10.77.0.1. கோவை நண்பர் எண்ணுக்குப் பதிலாகப் பெயர் வைக்கச் சொன்னது இப்போது இரட்டிப்பாகப் பயன்படுகிறது: பெயர் ஒன்று, சிவகாசியில் ஒரு எண், மதுரையில் ஒரு எண்.

---

கோவை சர்வர்க்காரன் எழுதியது:

நண்பர் சொன்னதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும். சாட்டுக்கு இருக்குற டிஎல்எஸ் இந்த 7777 வழிக்கு வராதுங்கிறது எனக்குத் தெரியும். அடைப்பை எடுக்குற அவசரத்துல விட்டுட்டேன். சகோ, அவர் சொன்ன வரிசையிலேயே செய்ங்க: முதல்ல 9090, அப்புறம் புதுப்பிப்பு, அப்புறம் வயர்கார்டு. புதுப்பிக்கிறதுக்கு முன்னாடி ஓப்பன்ஃபயர் ஃபோல்டரையும் டேட்டாபேஸையும் ஒரு காப்பி எடுத்து வச்சுக்குங்க. வயர்கார்டு ஓட ஆரம்பிச்ச பிறகு 5222, 7777 ரெண்டையும் ரவுட்டர்ல மூடிடலாம். மதுரை சாட்டும் சுரங்கம் வழியாவே வரட்டும்.

---

பிளேட்ரூம் சிவகாசி எழுதியது:

படிச்சதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. ஓடிப் போய் ரவுட்டரைப் பார்த்தேன். 9090 திறந்துதான் இருந்துச்சு. ஏழு வருஷமா. எங்க பதிப்பு 4.4ல நிக்குது.

மூடிட்டேன். அட்மின் கணக்கு பார்த்தேன், என்னோடதும் பழைய பையனோடதும் மட்டும் இருக்கு, அவனோடதை எடுத்துட்டேன். பிளகின் பட்டியல்ல நாங்க போட்டது தவிர வேற இல்ல. முதலாளிகிட்ட மறைக்காம சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ஞாயித்துக்கிழமை மிஷின் நிறுத்தி வைக்கச் சொல்றேன், என்ன செய்யணுமோ செஞ்சிரும்மா"ன்னார்.

அதனால ஞாயித்துக்கிழமை காலையில காப்பி எடுத்துட்டு, புதுப் பதிப்பு, அப்புறம் வயர்கார்டு. மதுரையில நாலு பேரையும் அன்னிக்கு வரச் சொல்லியாச்சு. அதுவரைக்கும் 7777ஐயும் மூடி வச்சிருக்கேன். நாலு நாளைக்கு மட்டும் பையன் மறுபடி பஸ் ஏறுவான்.

ஒரு சந்தேகம், பூட்டும் சாவியும் சார்: வயர்கார்டு சாவியை மதுரை மெஷின்களுக்கு எப்படிக் கொண்டு போய்ச் சேர்க்குறது? சாட்லயே அனுப்பலாமா, இல்ல அதையும் பென்டிரைவ்ல கொடுத்து விடுறதா?

---

பூட்டும் சாவியும் எழுதியது:

ரகசியச் சாவி எங்கேயும் பயணம் செய்ய வேண்டியதே இல்லை, அம்மா. மதுரையில் ஒவ்வொரு மெஷினிலும் வயர்கார்டைத் திறந்து காலியான டனல் ஒன்றைச் சேர்த்தால், அந்த மெஷினே தன் ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளும். அது அங்கேயே இருக்கட்டும். பொதுச் சாவி என்று ஒரு வரி காட்டும். அதை மட்டும் சாட்டில் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் சர்வரின் பொதுச் சாவியை நீங்கள் அவர்களுக்கு அனுப்புங்கள். பொதுச் சாவியை யார் பார்த்தாலும் பரவாயில்லை. வந்த வரி சரிதானா என்று போனில் முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் ஒருவருக்கொருவர் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு மெஷினுக்கும் நான்கு தனிச் சாவி. ஒன்றையே நால்வருக்கும் போடாதீர்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய வரியை மட்டும் சர்வரில் எடுத்தால் போதும்.

---

பிளேட்ரூம் சிவகாசி எழுதியது:

ஞாயிறு ராத்திரி 9 மணி. முடிஞ்சுது. மூணாவது மெஷின்ல ஒரு எழுத்து தப்பா ஒட்டியிருந்தாங்க. போன்ல படிச்சுப் பார்த்தப்பத்தான் தெரிஞ்சது, முதல் எழுத்தையே விட்டுட்டு எடுத்திருக்காங்க. அதைத் தவிர எல்லாம் சொன்ன மாதிரியே நடந்துச்சு. ரவுட்டர்ல இப்ப வெளிய திறந்திருக்கிறது 51820 மட்டும். மீனாட்சி ஷீட் ஒண்ணே முக்கால் நிமிஷத்துல வந்துச்சு, முன்னாடி பார்த்ததுக்கு ஒரு பதினஞ்சு செகண்ட் கூட. அது போகட்டும். காலையில 6 மணிக்கு முதல் பிளேட் எடுக்கணும், தூங்கப் போறேன்.